பகடை கைவிட்ட பிறகு: ரோல்பிளேயிங் விளையாட்டில் தோல்வியைக் கையாளும் விதம்

"நான் கயிற்றைப் பிடித்துக் கோட்டைச் சுவரில் ஏறுகிறேன்" என்கிறார் ஆட்டக்காரர். பகடையை உருட்டுகிறார். விழுந்த எண் போதவில்லை. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் கேம் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் அடுத்துச் சொல்லப்போகும் இரண்டு மூன்று வாக்கியங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டை நடத்தக் கற்றுக்கொள்பவர்கள் விதிகளையும் வரைபடங்களையும் அரக்கர்களின் பலத்தையும் பற்றி நிறையப் படிக்கிறார்கள். இந்த இரண்டு மூன்று வாக்கியங்களைப் பற்றி மிகக் குறைவாகவே யோசிக்கிறார்கள். ஆனால் ஆட்டம் உயிரோடு இருப்பதும் சோர்ந்துபோவதும் பெரும்பாலும் அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு அறிமுகம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் உள்ள மற்ற மனிதர்களையும் ஆபத்துகளையும் விவரிப்பது அவர் வேலை. மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். செய்த காரியம் பலித்ததா என்பதில் உண்மையான ஐயம் இருந்தால் பகடை முடிவு செய்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகையின் முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அதற்குப் பின் வந்த ஆட்டங்கள் பலவும் தோல்வி என்றால் என்ன என்ற கேள்விக்குத் தங்களுக்கே உரிய விடைகளைத் தேடியிருக்கின்றன.

தோல்வி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணை அதனுடன் கூட்டி, இலக்கு எண்ணை எட்டுகிறதா என்று பார்க்கிறோம். நடுத்தரக் கடினம் உள்ள வேலைக்கு இலக்கு 15. பாத்திரத்தின் கூடுதல் எண் 5 என்று வைத்துக்கொண்டால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகங்களில் 11 முகங்கள் வெற்றி, 9 முகங்கள் தோல்வி. அதாவது தன் தொழிலில் தேர்ந்த ஒரு பாத்திரம்கூட நூற்றுக்கு 45 முறை தோற்கிறது. ஆகவே தோல்வியை எப்போதோ நேரும் விபத்தாக எண்ணி, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. ஆட்டத்தின் ஏறக்குறைய பாதி அதுதான்.

விதிப்புத்தகம் பல சமயங்களில் "தோற்றது" என்பதோடு நின்றுவிடுகிறது. தோற்றதால் என்ன நடந்தது என்பதைக் கேம் மாஸ்டர்தான் சொல்ல வேண்டும். புதியவர்கள் சொல்லும் வழக்கமான விடை, "முடியவில்லை" என்பது. பூட்டு திறக்கவில்லை, சுவரில் ஏற முடியவில்லை, தடயம் எதுவும் கண்ணில் படவில்லை. நான் நடத்திய முதல் ஆட்டத்திலும் இதையே சொன்னேன். கல்லறைக்குள் இறங்கும் ஒரே கதவு பூட்டியிருந்தது, பூட்டைத் திறக்கும் முயற்சி தோற்றது, "திறக்கவில்லை" என்றேன். உடனே அடுத்தவர் முயன்றார், பிறகு மற்றொருவர். ஒரு மணி நேரம் நாங்கள் அந்தக் கதவின் முன் நின்றோம். கதவுக்கு அப்பால் நான் எழுதி வைத்திருந்த எதுவும் அன்று யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்த விடையில் உள்ள குறை, கணக்காகவே தெரியக்கூடியது. மேலே சொன்ன பாத்திரம் ஒரே பூட்டை ஐந்து முறை முயலலாம் என்றால், ஐந்து முறையும் தோற்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 2க்கும் குறைவு. தோல்வியால் எதுவும் மாறாத இடத்தில், மீண்டும் உருட்டுவதுதான் ஆட்டக்காரருக்கு அறிவுள்ள செயல். அவரைக் குறை சொல்ல இடமில்லை. முடிவு முன்பே தெரிந்த ஒன்றுக்காக எல்லோரும் பகடையின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே தோற்ற பின் நிலைமை தோற்பதற்கு முன் இருந்ததைப் போலவே இருக்கக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். காலம் கழிந்திருக்கலாம், ஒருவன் விழித்திருக்கலாம், ஒரு பொருள் உடைந்திருக்கலாம், ஒரு வழி நிரந்தரமாக அடைபட்டிருக்கலாம். ஏதோ ஒன்று மாறியாக வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது: தோல்வியைக் கையாளும் வேலை பகடை விழுந்த பிறகு அல்ல, பகடையைக் கையில் எடுக்கச் சொல்வதற்கு முன்பே தொடங்குகிறது. "இது தோற்றால் என்ன மாறும்?" என்று கேம் மாஸ்டர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை கிடைக்கவில்லை என்றால் உருட்டச் சொல்லக் கூடாது. அவசரம் இல்லை, காவலர் யாரும் இல்லை, கருவிகள் கையில் இருக்கின்றன, பூட்டுத் திறப்பதில் பழக்கமும் உண்டு என்றால், பூட்டு திறக்கிறது, அவ்வளவுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டிலேயே இதை விதியாக்கியிருந்தது: தோல்வியால் கேடு வராத வேலைக்கு, வழக்கத்தைப் போல் இருபது மடங்கு நேரத்தைச் செலவிட்டால், பகடையில் 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். 2004இல் வெளியான டாக்ஸ் இன் தி வைன்யார்ட் என்ற ஆட்டம் இன்னும் சுருக்கமாக, ஆமாம் என்று சொல், இல்லையேல் உருட்டு என்று கேம் மாஸ்டருக்குக் கட்டளையிட்டது. பகடையைக் குறைவாக உருட்டும் மேசைகளில் ஒவ்வொரு உருட்டலுக்கும் ஆட்டக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விடை கிடைத்தால், அதை மேலும் கூர்மையாக்க ஒரு கேள்வி உதவும்: பாத்திரம் என்ன செய்கிறது என்பதோடு, எதற்காகச் செய்கிறது? லூக் கிரேன் உருவாக்கி 2002இல் வெளியான பர்னிங் வீல் என்ற ஆட்டம் செயலையும் நோக்கத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. கோட்டைச் சுவருக்குத் திரும்புவோம். வேவுக்காரி சுவரில் ஏறுகிறாள் என்பது செயல். காவல் மாறுவதற்குள், யார் கண்ணிலும் படாமல் உள்ளே போக வேண்டும் என்பது நோக்கம். இரண்டும் பிரிந்து தெரிந்தவுடன் தோல்விக்கு எத்தனை முகங்கள் இருக்கின்றன என்பது புரியும். அவள் வழுக்கிக் கீழே விழலாம். அது செயலின் தோல்வி. அவள் சுவரின் உச்சியை அடையலாம், ஆனால் வழியில் பெயர்ந்த கல் ஒன்றால் நேரம் போய்விட, கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது புதிய காவலனின் விளக்கு பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருக்கலாம். ஏறும் செயல் முடிந்தது, ஏறியதன் நோக்கம் கெட்டது. இரண்டாவது விடையில் கதை ஓர் அடி நகர்ந்திருக்கிறது; ஆட்டக்காரர் உடனடியாக முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியும் பிறந்திருக்கிறது. காவலனைத் தாக்குவதா, விளிம்பில் தொங்கிக்கொண்டு அவன் கடந்துபோகக் காத்திருப்பதா, கீழே காத்திருக்கும் தோழர்களுக்குக் குறிப்புக் காட்டுவதா? புதிதாக நடத்துபவர் ஒருவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், செயலையும் நோக்கத்தையும் பிரித்துக் கேட்கும் இந்தப் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அதே ஆட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு முறை உருட்டினால் அந்த முடிவு நிற்கும். சூழ்நிலை உண்மையிலேயே மாறும்வரை அதே காரியத்துக்கு மறுபடி உருட்டக் கூடாது. இது ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்துவது போலத் தோன்றினாலும், அதே அளவுக்குக் கேம் மாஸ்டரையும் கட்டுப்படுத்துகிறது. பதுங்கிச் செல்வதில் ஒருவர் வென்றுவிட்டால், வாசலில் ஒரு முறை, கூடத்தில் ஒரு முறை, படிக்கட்டில் ஒரு முறை என்று அவரைத் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வது நியாயமல்ல. நூற்றுக்கு 55 வெற்றி வாய்ப்பு உள்ளவர் மூன்று முறை தொடர்ந்து வெல்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 17தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே பல கேம் மாஸ்டர்கள் இப்படித் தோல்வியைத் திணித்துவிடுகிறார்கள். நான்கு பேர் சேர்ந்து பதுங்கும்போது நால்வரும் வென்றாக வேண்டும் என்று கேட்பதும் இதே தவறு; அங்கே வாய்ப்பு 9 அளவுக்கு இறங்கிவிடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிகளில் இதற்கென்றே குழுச் சோதனை உள்ளது: குழுவில் பாதிப் பேராவது வென்றால் குழு முழுவதும் வென்றதாகக் கணக்கு.

உருட்டுவதற்கு முன் பணயம் என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது பற்றி மேசைக்கு மேசை கருத்து மாறுபடும். திகில் கலைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. "தோற்றால் கயிறு அறுந்துவிடும், திரும்பிப்போக வழி இருக்காது, ஏறுகிறாயா?" என்று கேட்கும்போது ஆட்டக்காரர் அந்த ஆபத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறார். பிறகு கயிறு அறுந்தாலும் தான் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற 2017ஆம் ஆண்டு ஆட்டம் இதைத் தன் கட்டமைப்பிலேயே வைத்திருக்கிறது. ஒவ்வோர் உருட்டலுக்கும் முன், நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தானதா, தலைக்குமேல் வெள்ளம் போனதா என்பதைக் கேம் மாஸ்டர் அறிவிக்க வேண்டும். தோல்வியின் கடுமை அந்த அறிவிப்பைப் பொறுத்தே அமையும். விளைவு வந்த பிறகும், தன் மன அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு அதை எதிர்க்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு.

வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே ஒரு நிலம் இருக்கிறது என்பதைப் பரவலாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் உருவாக்கிய அபோகலிப்ஸ் வேர்ல்ட். 2010இல் வெளியான இந்த ஆட்டத்தில் ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டிக் கூட்டுகிறோம். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் முறை கேம் மாஸ்டருடையது. கூடுதல் எண் எதுவும் இல்லாதபோது, 36 சேர்க்கைகளில் முழு வெற்றிக்கு 6, விலையோடு கூடிய வெற்றிக்கு 15, தோல்விக்கு 15. ஆக, சிக்கல் இல்லாத வெற்றி ஆறில் ஒரு பங்கே. கேம் மாஸ்டர் எப்போதும் ஏதாவது ஒரு சிக்கலைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. இந்த வழியில் வந்த ஆட்டங்களில் கேம் மாஸ்டரின் எதிர்வினையை மென்மையானது, கடுமையானது என்று இரண்டாகப் பிரிப்பார்கள். படிக்கட்டில் காலடி ஓசை கேட்கிறது என்பது மென்மையானது. ஆட்டக்காரர் அதற்கு ஏதாவது செய்ய இடம் இருக்கிறது. காவலனின் ஈட்டி தோளில் இறங்கியது என்பது கடுமையானது. முதலில் மென்மையாக எச்சரித்து, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாவிட்டாலோ மறுபடி தோற்றாலோ கடுமையாக அடிப்பது பெரும்பாலான சமயங்களில் நியாயமாகப் படும்.

விளைவை எங்கிருந்து எடுப்பது? காட்சிக்குள் ஏற்கெனவே இருப்பதிலிருந்து. வாயில் காப்போனிடம் போலி முத்திரை பதித்த கடிதத்தைக் காட்டும் முயற்சி தோற்றுவிட்டது என்று கொள்வோம். வானத்திலிருந்து திடீரென்று ஒரு டிராகன் இறங்கினால், மாறுதல் ஏதோ நடந்ததுதான், ஆனால் அது தோல்வியின் விளைவாக இராது. காப்போன் கடிதத்தைத் திருப்பித் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அந்தப் போலி இனி ஒரு சான்றாக அவன் கையில் இருக்கிறது. உள்ளே விடலாம், ஆனால் துணைக்கு ஒரு வீரனையும் அனுப்பலாம். தன் மேலதிகாரி வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம், அதற்குள் இருட்டிவிடும். கையூட்டுக் கேட்கலாம்; பையிலிருக்கும் பணம் அத்தனையும் போய்விடும். அல்லது கடிதத்தைப் படித்துவிட்டு, அதில் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் பிரபு சென்ற வாரமே இறந்துபோனார் என்று சொல்லலாம். இந்தக் கடைசி விடை எனக்குத் தனியாகப் பிடிக்கும். தோற்றவர்களுக்கு அது ஒரு செய்தியைத் தருகிறது; பொய் அம்பலமாகும் ஆபத்தையும் அதே மூச்சில் தருகிறது.

துப்பறியும் ஆட்டங்களில் இந்தச் சிக்கல் மிகவும் கூர்மையாகிறது. கணப்பில் பாதி எரிந்த கடிதம் கிடக்கிறது, அதைக் கண்டெடுக்காமல் கதை நகராது என்றால், அதைப் பகடையின் கையில் கொடுப்பது கேம் மாஸ்டரின் பிழை. ராபின் டி. லாஸ் வடிவமைத்து 2007இல் அறிமுகமான கம்ஷூ முறை இதற்குத் தெளிவான தீர்வைக் கண்டது: பொருத்தமான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால், கதைக்கு இன்றியமையாத தடயம் பகடையின்றியே கிடைக்கும். தடயத்தைத் தேடிப் பிடிப்பதைவிட, கிடைத்த தடயங்களைச் சேர்த்துப் பொருள் காண்பதுதான் துப்பறிதலின் சுவை என்பது அதன் அடிப்படை. நான் இதை முழுமையாக ஏற்கிறேன். வேறு ஆட்டங்களை நடத்துபவர்களும் இதைக் கடன் வாங்கலாம்: கடிதம் கிடைப்பது உறுதி, ஆனால் அது முழுதும் எரிவதற்குள் கிடைத்ததா, வீட்டுக்காரன் உள்ளே வருவதற்குள் கிடைத்ததா என்பதைப் பகடை சொல்லட்டும்.

சாண்டி பீட்டர்சனின் கால் ஆஃப் கத்தூலு என்ற திகில் ஆட்டம் 1981 முதல் ஆடப்பட்டு வருகிறது. அதன் ஏழாம் பதிப்பு, தோற்ற காரியத்தை ஆட்டக்காரர் இன்னொரு முறை முயல அனுமதிக்கிறது. ஆனால் இம்முறை என்ன கூடுதலாகச் செய்கிறார் என்று அவர் சொல்ல வேண்டும், இரண்டாவது முறையும் தோற்றால் விளைவு கொடியதாக இருக்கும். சண்டையில் இது செல்லாது. "அலமாரியை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, இப்போது உடைத்துத் திறக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்லும்போது, வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் எல்லோரும் மேசையில் இருப்பவர்களின் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். மறுமுயற்சியைத் தடை செய்வதைவிட அதற்கு விலை வைப்பது எத்தனை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்த வேண்டும். தோற்றாலும் கதை முன்னே நகர வேண்டும் என்ற அறிவுரையைக் கேட்ட சிலர், ஒவ்வொரு தோல்வியையும் ஏதோ ஒரு வகையில் வெற்றியாக மாற்றிவிடுகிறார்கள். எத்தனை முறை தோற்றாலும் பூட்டு திறக்கிறது, காவலன் விட்டுவிடுகிறான், கைதி தப்பிக்கிறான். சில வாரங்களில் ஆட்டக்காரர்களுக்கு இது புரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் திட்டமிடுவதை நிறுத்திவிடுவார்கள். நகர வேண்டியது நிலைமை. அது பாத்திரங்களுக்குச் சாதகமாகத்தான் நகர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கைதியைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அவனுடைய தங்கையிடம் போய் அதைச் சொல்ல வேண்டிய காட்சி, காப்பாற்றியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எந்தக் காட்சியையும்விட ஆழமாக அமையலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுக் கேம் மாஸ்டர் கையேடு, இலக்கை 1 அல்லது 2 எண் வித்தியாசத்தில் தவறவிட்டவருக்கு மட்டும், விலையோடு கூடிய வெற்றியைத் தரலாம் என்று சொல்கிறது. புதியவர்களுக்கு இது பாதுகாப்பான எல்லைக்கோடு. அதற்கு அப்பால் தவறியது தவறியதுதான்.

தோல்வியை விவரிக்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். பகடையில் 1 விழுந்ததும், தேர்ந்த வாள்வீரன் தன் காலிலேயே வெட்டிக்கொண்டான் என்று சொல்லிச் சிரிக்க வைப்பது பல மேசைகளில் வழக்கம். ஒரு முறை சிரிப்பு வரும். அந்தப் பாத்திரத்தை மாதக்கணக்கில் மனத்தில் வளர்த்த ஆட்டக்காரருக்கு நான்காவது முறை வலிக்கும். கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. ஒரே முறைக்குள் நான்கு தடவை தாக்கும் உயர்நிலை வீரனுக்கு, அவற்றில் ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 19. ஒரே தடவை தாக்கும் கற்றுக்குட்டிக்கு 5 மட்டுமே. திறமை கூடக்கூடக் கேலிக்கு ஆளாவதும் கூடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி தாக்குதலில் 1 விழுந்தால் குறி தவறும், அவ்வளவுதான். ஏறுவது, தேடுவது போன்ற மற்றச் சோதனைகளில் 1க்குத் தனிப் பொருள் கிடையாது. வீரன் திறமையாகத்தான் வீசினான், எதிரி அதைவிட விரைவாக விலகினான் என்று சொல்லுங்கள். வேவுக்காரி சரியாகத்தான் பிடித்தாள், மழையில் ஊறிய கல் அவள் கையோடு பெயர்ந்து வந்தது என்று சொல்லுங்கள். தோற்றதற்கான காரணம் உலகத்தில் இருக்கட்டும். பாத்திரத்தின் மானம் ஆட்டக்காரரிடமே இருக்கட்டும்.

தோல்விக்குப் பரிசு தரும் ஆட்டங்களும் உண்டு. 2012இல் வெளியான டன்ஜன் வேர்ல்டில், 6 அல்லது அதற்குக் கீழ் உருட்டியவர் ஓர் அனுபவப் புள்ளியைக் குறித்துக்கொள்கிறார். சிறிய விஷயம்தான், ஆனால் தோற்றவர் ஏமாற்றத்தோடு சாய்ந்து உட்காராமல், பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னே சாய்கிறார்.

எல்லாம் தெரிந்திருந்தும், பகடை விழுந்த கணத்தில் எதுவும் தோன்றாமல் போகும் நேரங்கள் வரும். அதற்கு முன்னேற்பாடு ஒன்று செய்யலாம். ஒவ்வொரு முக்கியமான இடத்துக்கும் எதிரே, அங்கே ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று தொல்லைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோட்டை என்றால்: காவல் மாறும் நேரம், கட்டவிழ்த்து விடப்பட்ட நாய்கள், அதே இரவில் அதே கருவூலத்துக்கு வந்திருக்கும் இன்னொரு திருடன். ஒரு வட்டத்தை ஆறாகப் பிரித்து, தோல்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கை நிரப்பி, வட்டம் நிறைந்ததும் அபாய மணி ஒலிக்கும் என்று வைத்துக்கொள்ளும் முறையையும் பிளேட்ஸ் இன் தி டார்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வட்டத்தை எல்லோருக்கும் தெரியும்படி மேசை நடுவில் வைக்க வேண்டும். அப்போதும் எதுவும் தோன்றவில்லை என்றால் ஆட்டக்காரரையே கேளுங்கள்: "உன் வேவுக்காரிக்கு இந்த இடத்தில் நேரக்கூடியவற்றில் மிக மோசமானது எது?" அவர் சற்று யோசித்துவிட்டு, நீங்கள் துணிந்திருக்காத ஒன்றைச் சொல்வார்: விளக்கோடு வரும் அந்தக் காவலன், அவள் சிறுவயதில் விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டின் அண்ணன்.